நடுங்கும் கையும் நாலரை மணி நேரமும்

ஆடி மாதச் சங்கக் கூட்டம் முடிந்து நாற்காலிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்த வேளையில், கட்கியிலிருந்து வரும் பெரியவர் ஒருவர் நம்மை ஓரமாக அழைத்தார். வயது 66. கிருத்திகைதோறும் திருப்புகழ்ப் பஜனையை முன்னின்று நடத்துபவர். சில ஆண்டுகளாக அவருடைய வலக்கை நடுங்குவதையும், ஜாலராவை அவர் இளையவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டதையும் நாமெல்லோரும் கண்டும் காணாதவர்போல் இருந்துவந்தோம்.

“மூளையில் கம்பி வைத்து மின்சாரம் பாய்ச்சினால் குணமாகும் என்கிறார்கள். நீர் நாலு புத்தகம் படிக்கிறவர். வைத்துக்கொள்ளலாமா, கூடாதா? ஒரு வார்த்தையில் சொல்லும்” என்றார்.

ஒரு வார்த்தையில் சொல்ல நாம் வைத்தியர் அல்லோம். ஆயினும் அதன்பின் மூன்று திங்களாக அவருடன் மருத்துவமனைப் படிகளை ஏறி இறங்கினோம். கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இவ்விதழில் எழுதுகிறோம். இதே கேள்வி இன்னும் இரண்டொரு வீடுகளில் இருப்பதாகச் செவிவழி அறிந்ததும் இதற்கு ஒரு காரணம்.

நம் முன்னோர் நடுக்குவாதம் என்றும் கம்பவாதம் என்றும் சொல்லிவந்த நோயை ஒட்டியதே இது. 1817 இல் இலண்டன் வைத்தியர் ஜேம்ஸ் பார்க்கின்ஸன் இதனை ஒரு சிறு நூலில் விவரித்தமையால் இன்று அவர் பெயரால் வழங்குகிறது. மூளையின் அடிப்பகுதியில் கருநிறமாக ஒரு சிறு பகுதி உண்டு. அங்குள்ள நரம்பணுக்கள் டோபமின் என்னும் பொருளைச் சுரந்து உடல் அசைவுகளை ஒழுங்குபடுத்துகின்றன. அவ்வணுக்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. பாதிக்கு மேல் போன பிறகே கை நடுக்கமும், தசை இறுக்கமும், நடைத் தளர்வும் வெளியே தெரிகின்றன. ஆகவே, “நேற்றுவரை நன்றாக இருந்தாரே” என்று வீட்டார் சொல்வது கண்ணால் கண்டதைச் சொல்வதே தவிர, நோய் நேற்று வந்தது அன்று.

இழந்த டோபமினுக்கு ஈடாகக் கொடுக்கும் லெவோடோப்பா மாத்திரையே இன்றும் முதன்மையான மருந்து. 1961 இல் வியன்னா நகரத்து வைத்தியர்கள் இதனைச் செலுத்திப் பார்த்தார்கள்; 1967 இல் அமெரிக்காவில் கோட்ஸியாஸ் என்பவர் உயர்ந்த அளவில் கொடுத்துப் பயனை நிலைநாட்டினார். இதில் தமிழர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. கோட்ஸியாஸுக்கு 30 ஆண்டுகள் முன்பே, 1937 இல், சென்னையில் தாமோதரன், இராமசாமி என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் நம் பூனைக்காலி விதையிலிருந்து இதே பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். இதைப் படித்துவிட்டு யாரும் பூனைக்காலிப் பொடியை வாங்கி மாத்திரையோடு சேர்த்து உண்ணத் தொடங்க வேண்டா. அளவு தெரியாமல் ஒரே மருந்தை இருமடங்கு உட்கொள்வதாகவே அது முடியும்.

மருந்து முதல் சில ஆண்டுகள் நன்றாகவே வேலை செய்கிறது. பிறகு ஒரு மாத்திரையின் பயன் ஐந்து மணி நேரம் நின்றது மூன்றாகவும் இரண்டாகவும் குறைகிறது. மருந்து ஓய்ந்த வேளையில் நோயாளி மரமாகிவிடுகிறார். மருந்து உச்சத்தில் இருக்கும் வேளையிலோ உடல் தானாக நெளிந்து ஆடுகிறது. நடுக்கம் ஒருபுறம், ஆட்டம் மறுபுறம். இடையில் நல்ல நேரம் என்பது ஒரு குறுகிய சந்து. நம் பெரியவர் வந்து நின்ற இடம் இதுவே. அறுவைச் சிகிச்சையைப் பற்றிய பேச்சும் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் எழுகிறது.

மூளையைத் தொட்டு இந்நோயைத் தணிக்கும் முயற்சி புதியதன்று. 1952 இல் நியூயார்க்கில் இர்விங் கூப்பர் என்பவர் வேறொரு அறுவையின் நடுவே ஓர் இரத்தக் குழாய் கிழிந்துவிட, அதனைக் கட்டிவிட்டு அறுவையை நிறுத்தினார். கண்விழித்த நோயாளிக்கு நடுக்கம் மறைந்திருந்தது. தவறி நேர்ந்த அந்நிகழ்ச்சி பலருக்குத் துணிவு தந்தது. நம் சென்னையில் அரசுப் பொது மருத்துவமனையில் 1950 இல் நரம்பு அறுவைப் பிரிவைத் தொடங்கிய டாக்டர் பா. இராமமூர்த்தியும், டாக்டர் வி. பாலசுப்பிரமணியம், டாக்டர் எஸ். கல்யாணராமன் ஆகியோரும் 1960களில் தலையில் சட்டம் பொருத்தி, இடத்தை அளந்து, மூளையின் உள்ளே ஒரு சிறு புள்ளியைச் செயலற்றதாக்கும் அறுவையைச் செய்துவந்தார்கள். பலருக்கு நடுக்கம் நின்றது. ஆனால் அழித்தது அழித்ததுதான். திரும்பப் பெற வழியில்லை. இரு பக்கமும் செய்தால் பேச்சுக் குழறும் என்பதும் அனுபவத்தில் தெரியவந்தது. லெவோடோப்பா வந்தவுடன் உலகெங்கும் இவ்வறுவை குறைந்துபோயிற்று.

1987 இல் பிரான்ஸ் நாட்டுக் கிரெனோபிள் நகரில் பெனாபிட் என்னும் அறுவை வைத்தியர், அழிக்கவேண்டிய இடம் சரிதானா என்று பார்ப்பதற்காக அங்கே மின்சாரத்தைச் செலுத்திக்கொண்டிருந்தார். நொடிக்கு நூறு துடிப்பு என்னும் அளவுக்கு விரைவாகச் செலுத்தியபோது, எதையும் அழிக்காமலே நடுக்கம் நின்றது. மின்சாரத்தை நிறுத்தினால் மீண்டும் வந்தது. அப்படியானால் அழிப்பானேன், கம்பியை அங்கேயே விட்டுவைத்தால் என்ன என்பதே மூளை ஆழ்மின்தூண்டல், ஆங்கில எழுத்துகளில் டி.பி.எஸ்., என்னும் சிகிச்சையின் தோற்றம். 1990களில் தலாமஸ் பகுதிக்குக் கீழே கொண்டைக்கடலை அளவுகூட இல்லாத ஒரு கருவில் கம்பியைச் செலுத்தத் தொடங்கிய பிறகு, நடுக்கம் மட்டுமன்றி இறுக்கமும் தளர்வும்கூடத் தணியக் கண்டார்கள். அமெரிக்க அரசின் மருந்துத் துறை 2002 இல் இந்நோய்க்கு இதனை ஒப்புக்கொண்டது. நம் நாட்டில் 1990களின் இறுதியிலேயே மும்பை ஜஸ்லோக் மருத்துவமனையிலும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்திலும் இது தொடங்கிவிட்டது. எனவே யார் தலையிலோ செய்து பார்க்கும் சோதனை என்று அஞ்ச வேண்டியதில்லை.

செய்யும் முறையைக் கேட்டபோது பெரியவரின் துணைவியார் எழுந்து வெளியே போய்விட்டார். நாம் உட்கார்ந்து கேட்டோம். தலையை ஒரு சட்டத்தில் அசையாமல் பொருத்துகிறார்கள். மண்டை ஓட்டில் ஒன்றரைச் சென்டிமீட்டர் அளவில் துளையிட்டு, ஒன்றேகால் மில்லிமீட்டர் பருமனுள்ள கம்பியை உள்ளே செலுத்துகிறார்கள். பெரும்பாலும் இரு பக்கமும். மூளைக்கு வலி உணர்ச்சி கிடையாது. ஆகையால் பல இடங்களில் நோயாளி விழித்திருக்கவே இதைச் செய்து, கையை மடக்கச் சொல்லியும் பேசச் சொல்லியும் பயனைச் சோதிக்கிறார்கள். முழு மயக்கத்தில் செய்வதும் உண்டு. பின்னர் மயக்கம் கொடுத்து, மார்பில் தோலுக்கடியில் மின்கலம் அடங்கிய சிறு பெட்டியை வைத்து, கழுத்தின் வழியே கம்பியை இணைக்கிறார்கள். அது நொடிக்குச் சுமார் 130 முறை துடிக்கிறது.

இனிப் பயன் என்ன என்பதற்கு வருவோம். 2009 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் 255 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அறுவையும் மறு பிரிவுக்குச் சிறந்த மருந்துச் சிகிச்சையும் அளித்து ஆறு மாதம் பார்த்தார்கள். உடல் ஆட்டத்தின் தொல்லையில்லாத நல்ல நேரம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு நாள் ஒன்றுக்கு 4.6 மணி கூடிற்று. மருந்துப் பிரிவுக்குக் கூடவே இல்லை. 4.6 மணி என்பதை நம் ரயில்வே வழக்கில் எழுதினால் 4 மணி 36 நிமிடம். பகலில் நாலரை மணி நேரம் ஒருவர் தாமே குளித்து, தாமே உண்டு, தெருமுனைவரை போய்வருவது என்பது எவ்வளவு பெரிய வரம் என்று நோயாளி வீட்டில் இருப்பவரைக் கேட்டால் தெரியும்.

அதே ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். கடுமையான தீங்கு ஏதேனும் நேர்ந்தவர்கள் அறுவைப் பிரிவில் 49 பேர், மருந்துப் பிரிவில் 15 பேர். மூளையில் இரத்தம் கசிந்து ஒருவர் இறந்தார். தீங்குகளில் பெரும்பாலானவை பிறகு சரியாகிவிட்டன என்பதும் உண்மை. பொதுவாக இவ்வறுவையில் இரத்தக் கசிவு நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பேருக்கும், கம்பி அல்லது பெட்டியைச் சுற்றிச் சீழ்பிடித்தல் அதற்குச் சற்று அதிகமானோருக்கும் நேரலாம் என்பர். “நூற்றில் இரண்டுதானே” என்று மகன் சொன்னார். “அந்த இரண்டில் ஒன்று இவராக இருந்தால்?” என்று அம்மையார் கேட்டார். இருவர் சொன்னதும் சரியே. இதற்குக் கணக்கில் விடை கிடையாது.

நம் கருத்தில், இச்சிகிச்சையை எடைபோட விரும்புகிறவர்கள் முதலில் மனத்தில் நிறுத்தவேண்டியது ஒன்றே. இது நோயை நிறுத்துவதில்லை. உள்ளே அணுக்கள் மடிவது தொடர்ந்துகொண்டேயிருக்கும். மாத்திரை நன்றாகப் பிடித்திருக்கும் வேளையில் ஒருவர் எப்படி இருக்கிறாரோ, அந்த நிலையையே நாளில் அதிக நேரம் நீட்டித்துத் தருகிறது. மாத்திரையால் அசையாத குறையைப் பெரும்பாலும் மின்சாரமும் அசைப்பதில்லை. மருந்துக்கு அடங்காத நடுக்கம் இதற்கு ஒரு விலக்கு. அதற்காகவே முன்கூட்டி ஒரு சோதனை செய்கிறார்கள். முந்திய இரவு முதல் மாத்திரையை நிறுத்திவைத்து, காலையில் நோயாளியின் அசைவுகளுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். பிறகு மாத்திரை கொடுத்து மறுபடி மதிப்பெண் இடுகிறார்கள். நூற்றுக்கு முப்பதாவது முன்னேற்றம் தெரியவேண்டும். இதை வைத்தியர் கண்முன் மட்டுமே செய்யவேண்டும். வீட்டில் தாமாக மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

நம் பெரியவர் அன்று காலை சக்கர நாற்காலியில் உள்ளே போனார். மாத்திரை உண்ட ஐம்பதாம் நிமிடம் எழுந்து, அந்த நீண்ட தாழ்வாரத்தில் மூன்று முறை தாமே நடந்தார். மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் அந்த நல்ல வேளையிலும் இரண்டு குறைகள் நீங்கவில்லை: திரும்பும்போது கால் தடுமாறியது, குரல் முன்போல் எழவில்லை. இவை இரண்டும் அறுவையால் சரியாகும் என்று எண்ணவேண்டா என்று வைத்தியர் வெளிப்படையாகச் சொன்னார். மறதி முற்றியவர்களுக்கும், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கும், எழுபதை நன்கு கடந்தவர்களுக்கும் மிகவும் யோசித்தே செய்வார்கள். நோய் தொடங்கி நாலைந்து ஆண்டுகளாவது ஆகவேண்டும் என்கிறார்கள். இந்நோய்போல் தோன்றும் வேறு நோய்கள் அதற்குள் தம் நிறத்தைக் காட்டிவிடும். அதற்காக எல்லாம் முற்றிய பிறகு போவதும் தவறு. 2013 இல் வெளியான ஜெர்மானிய, பிரெஞ்சு ஆய்வு சராசரி 52 வயதான 251 பேரிடம், மருந்தின் தொல்லைகள் தொடங்கிய சிறிது காலத்திலேயே அறுவை செய்தால் வாழ்க்கைத் தரம் உயர்கிறது என்று காட்டியது.

சோதனைக்கு முன்பே அம்மையாரிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, கார்டு தம் வண்டியின் ஓட்டத்தைக் குறிப்பதுபோல், அரைமணிக்கொருமுறை ‘நன்று’, ‘நின்றது’, ‘ஆட்டம்’ என்று குறித்துவைக்கச் சொல்லியிருந்தோம். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்த வைத்தியர் சிரித்துவிட்டார். காலை மாத்திரையைப் பொங்கலோடும் பருப்புச் சாம்பாரோடும் சேர்த்து உண்டுவந்திருக்கிறார் பெரியவர்! புரதம் மிகுந்த உணவு அம்மருந்து உட்செல்வதைத் தடுக்கும். உணவுக்கு அரைமணி முன்னதாக மாத்திரையை உண்ணத் தொடங்கியதும் காலையில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் மீண்டது. மண்டையைத் துளைக்குமுன் சாம்பாரை நகர்த்திப் பார்ப்பது நல்லது.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கென்றே உள்ள சிக்கல் ஒன்றைச் சொல்லவேண்டும். அறுவைக்கு முன் நினைவாற்றலையும் அறிவோட்டத்தையும் சோதிக்கிறார்கள். முதலில் சென்ற ஒரு மருத்துவமனையில் அச்சோதனையை மராத்தியிலும் இந்தியிலுமே நடத்தினார்கள். பெரியவர் நாற்பது ஆண்டுகளாகப் புனேயில் இருக்கிறார். ஆனால் அவர் அறிந்த மராத்தி மண்டை வியாபாரத்துக்கும் பேருந்துக்கும் போதுமானது. ஒரு நிமிடத்தில் ஓர் எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்லும்படி கேட்டபோது ஏழு சொன்னார். ‘மறதி தொடங்கிவிட்டதோ’ என்னும் ஐயம் தாளில் ஏறிவிட்டது. அன்று மாலை வீட்டில் தமிழில் ‘ப’ எழுத்தைக் கொடுத்தோம். ‘பழனி’ தொடங்கி இருபத்திரண்டு சொன்னார்! தமிழ் அறிந்தவரைக் கொண்டு சோதனையை மறுபடி நடத்தச் சொல்லிக் கேட்டு வாங்குவதற்கு மூன்று வாரம் ஆயிற்று. அன்பர்கள் இதை முதல் நாளே கேட்கவேண்டும். விழித்திருக்கச் செய்யும் அறுவையிலும் இதே நிலைதான்: பேச்சைச் சோதிக்க மாதப் பெயர்களைச் சொல்லச் சொன்னால், நம்மவர் சித்திரை, வைகாசி என்றே சொல்லட்டும், அது தமிழ் என்று அங்குள்ளவருக்கு முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

எந்த ஊரில் செய்துகொள்வது என்பதும் இதை ஒட்டியதே. “சென்னையில் தமிழ் பேசும் வைத்தியர்கள், நம் உறவினர்” என்று பலருக்கும் மனம் அங்கே ஓடும். அறுவை ஒரு நாள் வேலை. அதன்பின் மின்சாரத்தின் அளவைக் கூட்டியும் குறைத்தும் மாத்திரையைச் சரிசெய்தும் பக்குவத்துக்குக் கொண்டுவரப் பல மாதம் ஆகும். ஒவ்வொரு முறையும் இரவும் பகலுமாய்ச் சென்னைக்கு வண்டியேற நடுங்கும் உடம்பால் முடியுமா? யார் அளவைச் சரிசெய்வாரோ அவர் இருக்கும் ஊருக்கு அருகே வாழ்வதே முக்கியம். புனேயிலிருந்து மும்பைக்கு டெக்கான் குயீனில் காலையில் ஏறினால் மாலையில் அதே வண்டியில் திரும்பிவிடலாம். பெரியவர் வீட்டார் இதனாலேயே மும்பையைத் தேர்ந்தார்கள்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறோம். கருவியோடு சேர்த்துப் பல லட்சம் ரூபாய் ஆகும். சாதாரண மின்கலம் மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் தீர்ந்து, பெட்டியை மாற்ற மறுபடியும் சிறு அறுவையும் பெருஞ்செலவும் வரும். வெளியிலிருந்து மின்னேற்றிக்கொள்ளும் வகை முதலில் விலை அதிகம். பதினைந்து ஆண்டுகள்வரை நிற்கும். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் தம் மருத்துவத் திட்டத்தில் அனுமதியை எழுத்தில் பெற்ற பிறகே படுக்கையில் படுக்கவேண்டும்; அந்த அனுமதியில் பிற்கால மின்கல மாற்றமும் அடங்குமா என்று கேட்டுவைக்கவேண்டும். காகிதத்தோடு வாழ்பவர் சொல்கிறோம், வாய்வார்த்தை எந்த மேசையிலும் செல்லாது. பெட்டி பொருத்திக்கொண்டவர்கள் அடையாள அட்டையை எப்போதும் வைத்திருக்கவேண்டும். நிலையங்களில் உள்ள சோதனைச் சட்டத்தின் அருகே நிற்காமல் கைச்சோதனை கேட்கலாம். ‘டயதெர்மி’ என்னும் வெப்பச் சிகிச்சையை மட்டும் உடலின் எப்பகுதிக்கும் செய்துகொள்ளவே கூடாது. கம்பி சூடேறி மூளை கருகிவிடும்.

அறுவை வேண்டாதவர்களுக்கும், செய்துகொண்டவர்களுக்கும் பயிற்சி நீங்காது. புனேயில் பார்க்கின்ஸன்ஸ் மித்ரமண்டல் என்னும் நோயாளர் குழு இருக்கிறது. நடனக் கலைஞர் ரிஷிகேஷ் பவார் இந்நோயாளிகளுக்கென்றே இந்நகரில் நடன வகுப்பு நடத்தி வந்திருக்கிறார். மராத்தியில் நடக்கிறதே என்று தயங்குவோருக்கு நாம் சொல்வது: காலுக்கு மொழி கிடையாது.

எல்லாம் விசாரித்து முடித்த பிறகு, பெரியவரின் கேள்வி வேறாக மாறியிருந்தது. கம்பி வைத்த சிலருக்குக் கைகால் நன்றாகி, பேச்சு மட்டும் தெளிவு குன்றுவது உண்டு. மின்சாரத்தைக் குறைத்தால் பேச்சு மீளலாம். ஆனால் கைகாலின் பயனும் சற்றுக் குறையும். இதைக் கேட்டதிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து நம்மிடம், “ஜாலராவைக் கொடுத்துவிட்டேன். குரலையும் கொடுக்கவேண்டுமா?” என்றார்.

நாம் என்ன சொல்வது? அம்மையார்தான் பேசினார். “தம்பி, இரவில் இவர் புரண்டு படுக்க நான் நாலு முறை எழுந்து புரட்டிவிட வேண்டியிருக்கிறது. என் இடுப்பு இனி இடம் கொடுக்காது. பாட்டு நின்றால் நான் பாடிக்காட்டுகிறேன். புரளுவதை நான் எத்தனை நாள் செய்துகொடுக்க முடியும்?”

பெரியவர் அவரை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “உனக்குத் தாளம் நிற்காதே” என்றார். அம்மையாருக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று, அறுவைக்கு முன் குரலைப் பதிவு செய்துவைக்கச் சொல்லியிருக்கிறார் வைத்தியர். புரட்டாசிக் கிருத்திகையன்று மகன் கைபேசியில் முழுப் பஜனையையும் பதிவு செய்தார். அன்று பெரியவர் உணவுக்கு அரைமணி முன்னதாக மாத்திரையை உண்டுவிட்டு வந்திருந்தார். இடையில் ஒரு முறை இருமலுக்காக நிறுத்தியதைத் தவிர இறுதிவரை பாடினார். அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை. கார்த்திகை இரண்டாம் வாரம் வைத்தியரைப் பார்க்க மூவருக்கும் டெக்கான் குயீனில் இடம் எடுத்துவிட்டோம், ஜன்னலோரம் பெரியவருக்கு.